புகைக்கூடு இடித்த கணக்கு

தொண்ணூறாயிரம் என்று இரண்டாவதாக வந்த மேசன் சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்கு முதல் வாரம் வந்த மேசன் அதே வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். கூடக் கேட்பவரோடு பேரம் பேசலாம், முகத்தைச் சுளிக்கலாம், தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பிவிடலாம். கேட்காமலே அறுபதாயிரத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவரை என்ன செய்வது? நான் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று பேரிடம் விலை கேட்காமல் அங்கே ஒரு கதிரைகூட வாங்கியதில்லை. ஆகக் குறைந்த விலை வந்தால் முதலில் அதைத்தான் துருவிப் பார்ப்போம். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது.

வேலை இதுதான். நீர்வேலியில் நான் இருக்கும் வீட்டின் குசினிக்கு மேலே கல்லால் கட்டிய ஒரு புகைக்கூடு நின்றது. விறகு எரித்த காலத்துப் புகைக்கூடு. காஸ் அடுப்பு வந்த பிறகு அதற்கு வேலையில்லை. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம் மட்டும் சில மாதங்கள் மறுபடி புகைத்தது. பிறகு அதன் மேற்பக்கம் வெடிக்கத் தொடங்கியது. மழை பெய்தால் தண்ணீர் அந்த வெடிப்பால் இறங்கி, உள்ளே இருந்த கரியையும் கூட்டிக்கொண்டு வந்து சுவரில் கறுப்பாக வழியும். போதாததற்கு அது என் படுக்கையறைப் பக்கமாகச் சரிகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கிணற்றடியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். ஒருநாள் சரிந்திருப்பதாகத் தெரியும். அடுத்த நாள் பார்த்தால் நேராக நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்னர் அதை இறக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தேன் என்று எழுதுவது அவ்வளவு சரியில்லை. வீடு என்னுடையதல்ல. கனடாவில் இருக்கும் என் தங்கையின் சீதன வீடு. அவள் கலியாணம் கட்டினாள், நான் கட்டவில்லை. ஆகவே வீடு அவள் பெயரில் எழுதப்பட்டது, நான் அதற்குள் இருக்கிறேன். இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று பலருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

குறைத்துக் கேட்ட மேசனிடம் திரும்பி வருகிறேன். விலை சொல்வதற்கு முன்னர் அவர் அடுப்பு மேடையில் ஏறி, கைப்பேசியில் வெளிச்சத்தைப் போட்டு, தலையைப் புகைக்கூட்டுக்குள் விட்டார். விட்ட தலையை எடுக்கவேயில்லை. முதலில் வந்தவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தே விலை சொன்னவர். இவருக்கு மட்டும் உள்ளே என்ன?

“என்ன தம்பி, உள்ளுக்கை அப்பிடி என்னத்தைப் பாக்கிறீர்?”

“கல்லைப் பாக்கிறன் அக்கா. நல்ல பழைய கல்லு.” தலையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இடிச்சா வாற சாமான் எல்லாம் எங்களுக்குத்தானே?”

சாமான் என்ற சொல் எனக்குள் தைத்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த நேரத்தில் நகையை எங்கெல்லாம் ஒளித்துவிட்டுப் போனார்கள் என்று இங்கே ஆளுக்கொரு கதை இருக்கிறது. கிணற்றுக் கட்டுக்குள், அடுப்புக்குக் கீழே, புகைக்கூட்டுக்குள். பழைய வீட்டை இடிக்கப் போன மேசன் அடுத்த மாதம் வான் வாங்கினார் என்று முடியும் கதைகள் அவை. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்ததையெல்லாம் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டுதான் நடந்தோம், பிறகு அதை விற்றுத்தான் சாப்பிட்டோம். ஆனால் அது மேசனுக்குத் தெரியாதே. யோசிக்க யோசிக்க எனக்கே ஒரு ஐயம் வந்தது. அம்மா எனக்குச் சொல்லாமல் எதையாவது வைத்திருப்பாவோ? அன்று பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு நானும் மேடையில் ஏறித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கண்ணுக்குள் கரி விழுந்ததுதான் மிச்சம்.

அதற்குள் தங்கை வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தாள்.

“மூண்டு பேரட்டை விலை கேட்டனியோ அக்கா?”

“ரெண்டு பேரட்டைக் கேட்டனான். மூண்டாவது ஆள் வாறன் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்லை.”

“சரி, முழுக் கணக்கையும் எழுதி அனுப்பு.”

எழுதினேன். மேசன் கூலி, சீமெந்து, மணல். அவ்வளவுதான். சாரம் கட்ட மரங்களுக்கு வாடகை, புகைக்கூடு போன பிறகு கூரையில் வரும் ஓட்டையை மூட மரச் சலாகைகளும் ஓடுகளும், வேலையாட்களுக்குத் தேத்தண்ணியும் மத்தியானச் சாப்பாடும், இவை எதையும் எழுதவில்லை. மறந்துவிடவில்லை. கிணற்று மோட்டர் மாற்றியபோதும், குளியலறைக் கதவு போட்டபோதும், மதில் பூசியபோதும் இதையேதான் செய்தேன். வருகிற செலவில் ஒரு பங்கை என் ஓய்வூதியத்தில் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அவளிடம் கேட்பேன். முழுவதையும் அவளிடம் வாங்கினால் நான் வீடு பார்க்க வைத்த ஆள். என் காசும் கொஞ்சம் இந்தச் சுவர்களில் இருந்தால், நான் இங்கே சும்மா குந்தியிருக்கவில்லை என்று எனக்கு நானாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு பிடிமானத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

கணக்கு போய்ச் சேர்ந்தது. அவள் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாகின. ஆனால் பதில் வரவில்லை. மற்ற நேரங்களில் அன்றைக்கே காசு போட்டுவிட்டு “போட்டாச்சு” என்று ஒரு சொல் அனுப்புகிறவள். இந்த முறை ஒரு வாரமாகச் சத்தமேயில்லை. நான் எடுத்தால், வேலையில் நிற்கிறேன் பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிடுவாள். குரலில் ஏதோ ஒரு வழுக்கல் இருந்தது. அவள் சின்ன வயதில் என் பவுடரை எடுத்துப் பூசிவிட்டுப் பேசுகிற குரல் அது.

பிறகு ஒரு காலை. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். தலைக்கு மேலே பெரிய வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், கலியாண வீடுகளில் படம் எடுக்கப் பறக்க விடுவார்களே, அந்த ட்ரோன். எங்கள் புகைக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு மேலே எழும்பி, புகைக்கூட்டின் வாய்க்கு நேரே நின்று, உள்ளே எட்டிப் பார்த்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். கைப்பேசியை எடுத்து மேசனை அழைத்தேன்.

“தம்பி, வானத்தாலை எட்டிப் பாத்தாலும் அதுக்குள்ளை ஒண்டும் கிடையாது. எங்கடை நகையெல்லாம் எப்பவோ வித்துத் திண்டாச்சு.”

“என்னக்கா சொல்லுறியள்? நான் வேலையிலை நிக்கிறன்.”

“அப்ப ஏன் அவ்வளவு குறைச்சுச் சொன்னனீர்? அதைச் சொல்லும் பாப்பம்.”

 அவருக்குப் பின்னால் யாரோ சீமெந்து குழைக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, நான் ஒரு சின்ன வீடு தொடங்கியிருக்கிறன். அத்திவாரத்துக்குக் கல்லு வேணும். கல்லு விக்கிற விலை உங்களுக்குத் தெரியுந்தானே. உங்கடை கல்லை நான் எடுக்கலாம் எண்டு நினைச்சு, அந்தக் காசையும் ஏத்தி இறக்கிற கூலியையும் கழிச்சுத்தான் சொன்னனான். நம்பிக்கை இல்லாட்டி விடுங்கோ.”

வைத்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் ட்ரோன் இன்னும் மேலேதான் நின்றது. மேசன் இல்லையென்றால் வேறு யார்? வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஒழுங்கைக்கு ஓடினேன். மதிலோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ ஒரு ஸ்ரூடியோவின் பெயர் அச்சிட்ட சேட் அணிந்திருந்தார்.

“ஆரைக் கேட்டு எங்கடை வீட்டைப் படமெடுக்கிறீர்?”

“ஐயோ அம்மா, குழம்பாதேங்கோ. வீட்டுக்காரர்தான் எடுக்கச் சொன்னவை.”

“எந்த வீட்டுக்காரர்? நானல்லோ இந்த வீட்டிலை இருக்கிறன்.”

“கனடாவிலை இருக்கிற வீட்டுக்காரர் அம்மா. புகைக்கூட்டை நாலு பக்கத்தாலையும் எடுத்து அனுப்பச் சொல்லிக் காசும் போட்டிட்டினம்.” என்னையும் தும்புத்தடியையும் மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் இங்கை நிண்டு வீடு பாக்கிற ஆளோ?”

அந்தக் கேள்வியில் அவருடைய பிழை எதுவும் இல்லை. தும்புத்தடியோடு நிற்கிறவளைப் பார்த்து வேறு என்ன கேட்பார்? ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அன்று நான் சமைக்கவில்லை. மிளகாயைக் காகம் கிளறியது, பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணக்கை அவள் நம்பவில்லை. நான் அவளிடம் காசு அடிக்கிறேனோ என்று பார்க்க ஆள் வைத்திருக்கிறாள். ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்காரரிடம் கறக்கிற கதைகள் அங்கே அவர்களுடைய கொண்டாட்டங்களில் எவ்வளவு நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். என் பெயரும் அதில் அடிபட்டிருக்கும். எந்தக் காசைக் கூட்டிக் கேட்டேன் என்று நினைத்தாள்? நான் மறைத்ததெல்லாம் என் காசை.  பின்னேரம் அவள் எடுப்பதற்குள் என்ன சொல்வது என்று சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்ததும் என்னை வாய் திறக்கவே விடவில்லை.

“அக்கா, நீ அந்த அறையிலை இண்டைக்குப் படாதை. புகைக்கூடு உன்ரை பக்கம் நல்லாய்ச் சரிஞ்சு கிடக்கு. இங்கை கூரை வேலை செய்யிற ஒராளுக்கு வீடியோவைக் காட்டினனான். அவர் பயந்திட்டார்.”

“வீடியோ எடுக்க ஆள் அனுப்பினதை எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் உன்ரை காசைக் களவெடுக்கிறன் எண்டு நினைச்சியோ?”

 அவள் சத்தமாகவே சொன்னாள்.

“களவோ? போன முறை நான் வந்த நேரம் மோட்டர்க் கடைக்காரர் எனக்குச் சொன்னவர், மோட்டர் என்ன விலைக்குப் போனது எண்டு. நீ என்னட்டை வாங்கினது அதிலை பாதி. அண்டையிலை இருந்து உன்ரை ஒரு கணக்கையும் நான் நம்புறேல்லை. நீ எழுதி அனுப்பின கணக்குக்குப் புகைக்கூட்டை இடிக்கலாம், ஓட்டையை மூட ஏலாதாம். மிச்சத்துக்கு என்ன செய்யப் பாத்தனி?”

“என்னட்டைக் கேட்டிருக்கலாந்தானே?”

“கேட்டா நீ சொல்லுவியோ?”

சொல்லமாட்டேன். கள்ளி என்று நினைத்திருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருக்கலாம், அடுக்கி வைத்த சொற்களும் வீணாகியிருக்காது. இதற்கு எப்படிச் சண்டை பிடிப்பது? எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடக் கோபம் வந்தது. நான் ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு பிடியையும் அவள் கண்டுபிடித்து, அன்பாகத்தான், என் கையிலிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

“இனி எல்லாத்தையும் எழுது. தேத்தண்ணி வரைக்கும் எழுது,” என்றாள்.

எழுதினேன். சாரமரம், சலாகை, சாப்பாடு, தேத்தண்ணி, சீனி. மேசனுக்கும் எடுத்து, கல் முழுவதும் உமக்குத்தான், வாரும் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் கேட்கும் விதம் அது. அவரும் புரிந்துகொண்டு வந்தார். மேலே நின்று அலவாங்கால் நெம்பி, ஒவ்வொரு கல்லாகக் கயிற்றில் இறக்கினார். கரியும் கல்லும் பழைய குருவிக் கூடும் வந்தன. ஒரு தோட்டுத் திருகாணிகூட வரவில்லை. வேலை முடியும்வரை பக்கத்தில் கதிரை போட்டிருந்து பார்த்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்த அன்று தங்கை கூரையைக் காட்டச் சொன்னாள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். பாசி பிடித்துக் கறுத்த பழைய ஓடுகளுக்கு நடுவே, புகைக்கூடு நின்ற இடம் மட்டும் பளிச்சென்று சிவந்து கிடந்தது.

“அக்கா, கணக்கிலை ஓடு வாங்கின காசு இல்லையே?”

“மேசனட்டை மிச்சம் கிடந்த ஓடு. சும்மா போட்டுவிட்டவர்.”

“பழைய ஓடு உப்பிடிச் சிவப்பாய் இருக்குமோ?”

“உன்ரை போனிலை அப்பிடித் தெரியுது.”

திரையில் அவள் முகம் என்னை உற்றுப் பார்த்தது. கண்ணைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, நான் மேசனைப் பார்த்த அதே பார்வை. அவள் அதை நம்பவில்லை. ட்ரோன்காரரின் இலக்கம் இன்னும் அவளிடம் இருக்கும், கடைக்காரரின் இலக்கமும் இருக்கும். நான் கைப்பேசியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சரி,” என்றாள் கடைசியில். “ஆரின்ரை ஓடெண்டாலும் ஒழுகாட்டிச் சரி.”

அதற்கு அடுத்த கிழமை மழை பிடித்தது. குசினி விளக்கைப் போட்டுவிட்டு, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தேன். பழைய ஓடுகளில் இரண்டு இடத்தில் ஒழுகியது. என்னுடைய ஓடுகளால் ஒரு சொட்டும் வரவில்லை.