என் உயரத்துக்கு ஒரு சுழியோடி உடுப்பு

சுழியோடப் பழகப் போன முதல் நாள், நான் கடலுக்குள் நின்ற நேரத்தைவிட அந்த ரப்பர் உடுப்புக்குள் நுழைய எடுத்த நேரம்தான் அதிகம். வடமராட்சிக் கரையில் புதிதாகத் தொடங்கியிருந்த சின்னப் பயிற்சி நிலையம் அது. அதை நடத்துபவர் குருநகரில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிட்டேன். நான் உடுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதனால் அவருக்கு நான் ரீச்சர். முருகைக்கல் என்கிற பவளப்பாறையைப் பற்றி வருடக்கணக்காகப் படத்தைக் காட்டியே படிப்பித்துவிட்டேன். ஒரு தடவையாவது அதைக் கடலில் உயிரோடு பார்ப்பது என்று முடிவெடுத்துத்தான் போனேன்.

என் உயரம் ஆறடிக்கு மேல். படிக்கிற காலத்தில் கேட்காமலே வலைப்பந்து அணியில் சேர்த்துவிட்டார்கள். மற்ற இடங்களிலெல்லாம் குனிந்தே பழகிவிட்டேன்.

அண்ணையிடம் இருந்த பெண்கள் உடுப்புகளில் ஆகப் பெரியதை, அவரும் அவர் மனைவியுமாகச் சேர்ந்து என் மேல் இழுத்துப் பூட்டினார்கள். உடுப்பின் கை என் முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. தோள் இரண்டையும் யாரோ மேலிருந்து அமுக்கிப் பிடிப்பதுபோல இருந்தது. ஆண்களின் உடுப்பைப் போட்டுப் பார்த்தால் வயிற்றில் இன்னொருவர் இருக்க இடமிருந்தது, நீளம் மட்டும் இல்லை. இறுக்கமானதையே போட்டுக்கொண்டு இறங்கினேன். தலை நீருக்குள் போனதும் மூச்சு பாதியில் நின்றது. உடனே மேலே வந்துவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ ரீச்சர், முதல் நாள் எல்லாருக்கும் உப்பிடித்தான்."

"எனக்குப் பயமில்லை அண்ணை. நெஞ்சு விரிய இடமில்லை."

அவர் நம்பவில்லை. "அப்ப மேலாலை மிதந்து கொண்டு பாருங்கோவன். கண்ணாடியைப் போட்டால் காணும்" என்றார்.

"இல்லை. கீழை போய்த்தான் பாப்பன்."

ரப்பர் உடுப்பு இல்லாமலே இறங்கலாமா என்றும் கேட்டேன். கல்லில் உரசினாலோ ஜெலி மீன் பட்டாலோ தோல் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் என் தோளுக்குத்தான் வருவார். கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "நீர் நிமிர்ந்து நில்லும். குனிஞ்சு குனிஞ்சே அளவைக் குறைக்கிறீர்" என்றார். நிமிர்ந்து நின்றேன். கழுத்தடியிலிருந்து கால் பிரியும் இடம்வரை அளந்துவிட்டு இரண்டாம் தரமும் அளந்தார். என் நீளம் காலில்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உண்மையில் அது முதுகில் இருந்தது. ஒரே துண்டாகத் தைத்த எந்த உடுப்பும் என்னைத் தோளில் பிடித்து இழுத்ததற்குக் காரணம் அதுதான். மேலுக்கும் கீழுக்கும் வேறு வேறாக வாங்க வேண்டும் என்று அப்போதே தெளிவாகிவிட்டது.

பள்ளி விடுமுறையில் இருவருமாகக் கொழும்புக்குப் போய், சுழியோடிச் சாமான் விற்கும் கடையொன்றைத் தேடிப் பிடித்தோம். கடைக்காரர் வழமையான ஒன்றை எடுத்துப் போட்டு, "இது இழுபடும் மிஸ்" என்றார்.

"இழுபடுறது எனக்குத் தெரியும். மூச்சு விடேலுமோ எண்டுதான் பாக்கவேணும்."

மேலுடுப்பு ஒன்றைப் போட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன். நிலத்தில் குந்தியிருந்து நெஞ்சு நிறைய மூச்செடுத்தேன். கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டேன். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கணவர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கட்டும், நீர் குந்தும்" என்றார். கடைசியில் ஆண்களின் நீளக் காற்சட்டையும், முதுகு நீண்ட மேலுடுப்பும் பொருந்தின. கால் துடுப்பில் குதியை மூடியது எதுவும் என் பாதத்துக்கு வரவில்லை. குதி திறந்த துடுப்பையும், அதற்குள் போடும் ஆண்கள் சப்பாத்தையும் எடுத்தேன். சிலிண்டரைத் தாங்கும் மேலங்கிகளோ இடுப்பில் நிற்காமல் விலாவில் நின்றன. அவற்றை விட்டுவிட்டு, முதுகில் ஒரு தகடும் வேண்டிய நீளத்துக்கு விடக்கூடிய பட்டிகளும் உள்ள ஒன்றைத் தெரிவு செய்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்போடு திரும்பவும் கடலுக்குப் போனேன். உடுப்புக்குள் மூச்சு தாராளமாக வந்தது. ஆனால் தலையைத் திருப்பும்போதெல்லாம், சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் சுவாசக் குழாய் வாயை ஒரு பக்கம் இழுத்தது. கால் இரண்டும் மேலே கிளம்பி, நான் தலைகீழாகத் தொங்கினேன். கரைக்கு வந்ததும் தாடை நொந்தது.

அண்ணை குழாயைப் பிடித்து என் வாய்வரை நீட்டிப் பார்த்தார்.

"இது உங்களுக்குக் கட்டை, ரீச்சர். அண்டைக்கு நான் பயமெண்டு சொன்னதும் பிழை."

"குழாயை மாத்தலாமோ?"

"மாத்தலாம். காலுக்கும் ஒரு வழி பாப்பம்."

நீளக் குழாய் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார். கால் பக்கம் பாரம் கூடும்படி சிலிண்டரைத் தகட்டில் இன்னும் கீழே இறக்கிக் கட்டினார். ஆழம் குறைந்த இடத்தில், உடம்பு கிடையாக நிற்கும்வரை திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றிக் கட்டிப் பார்த்தோம். அலுத்துப்போய், "இண்டைக்குக் காணும்" என்று அவர் சொன்ன பிறகும் நான் ஒருதரம் இறங்கினேன்.

கடல் அமைதியான ஒரு காலையில் வள்ளத்தில் முருகைக்கல் இருக்கும் இடத்துக்குப் போனோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். கீழே பழுப்பும் மங்கிய பச்சையுமாக, வளைந்து வளைந்து கோடு போட்ட பெரிய உருண்டைக் கல் ஒன்று. பாடப் புத்தகத்தில் அதற்குப் பொருந்தாத நிறமொன்றைப் பூசியிருந்தார்கள். ஒரு பக்கம் வெளிறிச் செத்திருந்தது. மற்றப் பக்கத்து இடுக்குகளில் சின்ன மீன்கள் என்னைக் கண்டு ஒளிந்து, பிறகு வெளியே வந்தன. நான் நீட்டி நிமிர்ந்து அதன் மேலே கிடந்தேன். எதுவும் இழுக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை. முழு உடம்பையும் மறந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அண்ணை என் சிலிண்டரில் காற்று முடியப்போவதைக் காற்றுமானியில் காட்டி, மேலே போகச் சொல்லிப் பெருவிரலை உயர்த்தினார். அவருடைய சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"பெரிய உடம்பு, பெரிய மூச்சு" என்றார், வள்ளத்தில் ஏறியதும்.

"அப்ப எனக்குப் பெரிய சிலிண்டர் வேணும்."

"என்னட்டை இல்லை, ரீச்சர்."

"எங்கை இருக்கெண்டு தேடுவம் அண்ணை" என்றேன்.