தென்னங்குற்றி போட்ட குழி

எங்கள் வாவிக்கரையில் வீட்டுக்கு வீடு கக்கூசு கிடையாது. விடியுமுன் பெண்கள் கூட்டாகக் வாவியோரக் கண்ணாமரப் பற்றைப் பக்கம் போய் வருவோம். ஊர்க்கதை முழுதும் அங்கேதான். தொண்ணூறாம் ஆண்டு ஆமி அந்தப் பற்றைக்கு எதிரே சென்றி போட்டுக் காவல் நின்றது. தனியே போன ஒருத்தியைத் துரத்தினார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பக்கம் போகவே பயந்தோம்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரைக் குறைத்தாள். கீரை, பழம் பக்கமே போகவில்லை. காய்ந்த ரொட்டியும் ஒரு வாய்ப் பிளேன்டீயும்தான் சாப்பாடு. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவள் நினைப்பு. வயிறு அதற்கெல்லாம் அடங்குமா? கல்லாய் இறுகிவிட்டது. இருட்டோடு வேலியோரம் குந்தி, முக்கி முக்கி இரத்தம் கண்ட பிறகுதான் புருசன் யோகராசாவிடம் வாய் திறந்தாள்.

ஆசுபத்திரியில் தாதி மேர்சி மிஸ்ஸி அவளைத் திட்டித் தீர்த்தார். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், முருங்கையிலையும் பப்பாசியும் நாளும் சேர வேண்டும், காலையில் ஒரே நேரத்துக்குப் போய் இருந்து பழக வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வந்தா அடக்காதகா. அந்த அடக்கல்தான் உன்னக் கொல்லுது."

கீரை ஆய்ந்துவிடலாம். அடக்காமல் எங்கே போவது? வாவியில் தோணி இறக்கத் தடை என்று மீன்பிடியில்லாமல் சும்மா இருந்த யோகராசா வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினான். மணல் சரியாமலிருக்க மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி, நடுவே இடைவெளி விட்டான். சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு மறைப்பு மட்டும் பாக்கி. அது பார்வைக்கு எதைப் போல இருக்கிறது என்று அவனுக்கும் தோன்றவில்லை, பார்த்து நின்ற எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை சுற்றிவளைப்பு. குழியைக் கண்டு, இயக்கக்காரர் பதுங்கும் இடமென்று நினைத்த ஆமிக்காரன் ஒருவன் "பங்கர்" என்றான். யோகராசாவின் கைகளைப் பின்னால் கட்டி மணலில் முழந்தாளிட வைத்தார்கள். கொண்டுபோன ஆட்கள் திரும்பி வராத காலம் அது. வேலிக்கு இப்பால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கக்கூசு, கக்கூசு என்று அவன் கதறினான். சிங்களத்திலும் அதற்கு அதே மாதிரிச் சொல்தான், விளங்கியிருக்கும். ஆனால் நாற்றமும் இல்லாமல் மறைப்பும் இல்லாமல் ஒரு கக்கூசை யார் நம்புவார்கள்? அடிதான் விழுந்தது.

அப்போது சின்னத்தங்கம் நடந்தாள். எந்தக் கண்களுக்குப் பயந்து மாதக்கணக்காக வயிற்றை இறுக்கினாளோ, அத்தனை கண்களுக்கும் முன்னால் குற்றிகளில் ஏறி, சீலையைக் கூட்டிப் பிடித்துக் குந்தினாள். தலையைக் குனியவில்லை.

ஒருவன் சிரித்தான். அவர்களில் மூத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் காட்டினான். கட்டை அவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

யோகராசா அழுதுகொண்டே அவளைத் தூக்கிவிட வந்தான். அவள் எழும்பவில்லை.

"நீங்க அங்கால போங்க," என்றாள். "எனக்கு மெய்யாவே வருகுது."