அடுத்த தெரு அரிசி

ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் பெண், அடுத்த தெருவில் அப்பாவின் போட்டிக்காரர் கடைக்கு ஒளிந்து ஒளிந்து போய் அரிசி வாங்கினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒன்பது வயதில், நான் அதைத்தான் செய்தேன்.

காரணம் அப்பாவின் ரத்தப் பரிசோதனை. காலையில் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். உடம்புக்குள் வெளியே தெரியாத அழற்சி இருக்கிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது என்றார் டாக்டர். நடக்க வேண்டும்; தீட்டிய வெள்ளை அரிசியைக் குறைத்துத் தவிடு போகாத சிவப்பரிசி சாப்பிட வேண்டும். நடப்பதற்கு அப்பா தலையாட்டினார், நடக்கவில்லை. அரிசிக்குத் தலைகூட ஆட்டவில்லை.

"செவப்பரிசி விக்கதுக்காக்கும், திங்கதுக்கில்ல," என்று கடை ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

அன்று அம்மா அழுதாள். மறுநாள் என் கையில் துணிப்பையைத் தந்தாள். எங்கள் கடையிலிருந்து ஒரு பிடி அரிசிகூட அப்பா கண்ணில் படாமல் வெளியேறாது.

"அப்பாட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா மக்ளே."

முதல் நாள் போட்டிக்காரர் கடை வாசலில் குவித்திருந்த சிவப்பரிசியை அளந்து தந்தார். அடுத்த முறையிலிருந்து, வெளியே குவித்திருந்ததைத் தொடாமல் உள்ளே போய் ஒரு தனிச் சாக்கிலிருந்து அளந்து தந்தார். விற்காத சரக்கை நம் தலையில் கட்டுகிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா புடைத்துப் பார்த்தாள். ஒரு கல் இல்லை.

அதை ஊறவைத்து அரைத்தால் தோசை செம்மண் நிறத்தில் வந்தது. அப்பா ஒரு விள்ளலைப் பிட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வெந்தயம் கொஞ்சம் கூடிப் போச்சு," என்றாள் அம்மா.

"இருக்கட்டு. இன்னொண்ணு போடு."

அடுப்படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தேன். ஒரு மணியைக் கடித்தே எந்த ஊர் நெல் என்று சொல்லும் மனிதரை ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் இரவுச் சாப்பாடு தினமும் தோசையாயிற்று. ஒரு வருஷம் கழித்து அழற்சி குறைந்திருந்தது. அரிசி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

என் கல்யாணத்துக்கு அந்தப் போட்டிக்காரர் வந்திருந்தார்.

"அந்தச் சாக்கு ஒங்கப்பா கொடுத்தனுப்புனதாக்கும், மோளே. நீ மொத நாளு வந்து போனதும் போய்ச் சொன்னேன். 'அவ வந்தா இதுலேருந்து குடும், எனக்குத் தெரியும்னு வீட்டுல சொல்லாண்டாம்'னாரு."

அம்மாவின் பயமும் தீர வேண்டும், தான் சொன்ன சொல்லும் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் ஒருவர் ஏமாந்தாக வேண்டும் என்பதும், அந்த வேலையை அப்பா தானே எடுத்துக்கொண்டார் என்பதும் ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.

பந்தியில் அப்பாவைத் தேடிப் போனேன். நெஞ்சு நிறைய நன்றி இருந்தது. சொல்லவில்லை, பக்கத்து இலையில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.