அப்பாவை இறக்கிவிட்டு எழுதிய பிரெஞ்சுத் தேர்வு

நான் வேலை பார்க்கும் அமெரிக்கப் பள்ளியில் என் பெயர் மதாம் பி. பகவதி என்ற நான்கு எழுத்து அவர்கள் வாயில் நுழையாது என்று முதல் நாளே அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் வரும் கால்பந்து வீரர்களின் முழ நீளப் பெயர்களை ஒரு எழுத்து பிசகாமல் சொல்கிறவர்கள்தான் இவர்கள். காலையில் ஒலிபெருக்கியில் "மதாம் பி, அலுவலகத்துக்கு வரவும்" என்று கூப்பிடும்போது, யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியைத் தேடுகிறார்கள் என்றே முதல் சில வாரங்கள் நினைத்தேன். வகுப்பில் உட்கார்ந்தே இருந்துவிட்டு, வராததற்குத் திட்டும் வாங்கினேன்.

இங்கே நான் சொல்லிக்கொடுப்பது பிரெஞ்சு. அதற்கு எனக்குத் தந்திருந்தது தற்காலிக அனுமதி. அதன் கடைசிக் கல்வியாண்டு முடிவதற்குள் பிரெஞ்சு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையென்றால் வேலை போகும், பின்னாலேயே விசாவும் போகும். கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாம் முதல் முறையே முடிந்துவிட்டது. எழுத்துப் பகுதியில் தோற்றேன். பள்ளியில் சீருடை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். நாகர்கோவிலில் நான் படித்த பள்ளியில் சீருடையெல்லாம் ஒரே நிறம்தான். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காலில் கிடக்கும் செருப்பு சொல்லிவிடும். அதை எழுதினேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, கேள்வியே கொஞ்சம் தப்பு என்றும் எழுதினேன். நானே ரசித்து எழுதிய கட்டுரை. 'நிலைப்பாடு தெளிவாக இல்லை' என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட்டார்கள்.

பள்ளியின் இன்னொரு பிரெஞ்சு ஆசிரியை மிஸஸ் கெல்லி ஆறுதல் சொல்ல வந்தார். முழுத் தகுதி பெற்றவர், பல வருட அனுபவம். நான் பிரெஞ்சில் ஏதாவது கேட்டால், காபி ஆறிவிடும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். "நீ யோசிக்கிறாய், அதுதான் உன் சிக்கல்" என்றார். முதல் பத்தியில் ஒரு கட்சியைச் சொல். பிறகு 'துய்ன் பார்', அதாவது ஒரு பக்கம், என்று ஒரு காரணம்; 'தோத்ர் பார்', மறுபக்கம், என்று இன்னொன்று. கடைசியில் முதல் பத்தியையே வேறு சொற்களில் போடு. "இடையில் உன் ஊரைக் கொண்டுவராதே, திருத்துபவர் குழம்பிவிடுவார்." இந்த அம்மாள் தேறிய தேர்வில் நான் தோற்றிருக்கிறேன் என்பதை ஜீரணிக்கவே ஒரு வாரம் ஆனது.

உண்மையில் இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளியில் பாதிப் பேர் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு ஓடினார்கள். காரணம் மார்க். பேசத் தெரியாத ஆசிரியர், பேச விருப்பமில்லாத பிள்ளைகள், கேள்வி-பதிலை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தால் அள்ளிக் கொட்டும் மதிப்பெண். மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பாவும் அதற்காகத்தான் சேர்த்துவிட்டார். "பிரெஞ்சுக்காரன் என்னவும் பேசிட்டுப் போட்டும், நமக்கு மார்க்கு வந்தாப் போரும்" என்பார். அந்த மொழி எனக்குப் பிடித்துப்போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடல் கடந்து வந்தும், வல்லரசு ஒன்று அதே கேள்வி-பதில் வியாபாரத்தைத்தான் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறது.

இரண்டாம் முறை எழுதும்போது நான் சுசீந்திரத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்று வந்திருந்தேன். தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். அமெரிக்காவில் எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் நம் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் முன்னறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது ஒரு இளைஞனின் குரல். காலண்டரைக் கழற்றச் சொன்னான், கழற்றினேன். அடுத்தது அப்பாவின் படம். நான் அமெரிக்கா போன மறுவருஷம் இறந்துபோனவர். மாலை போட்டு, மேலே சின்ன சிவப்பு பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது.

"சுவரில் இருக்கும் அந்த மனிதர் யார், மேம்?"

"என் அப்பா."

"தேர்வு நேரத்தில் அவர் அறையில் இருக்கக் கூடாது."

"அவர் இறந்துவிட்டார்."

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், மேம். ஆனால் அவரிடம் ஏதோ மினுங்குகிறது. அது கேமராவாக இருக்கலாம். வெளியே கொண்டுபோக வேண்டும்."

பல்பை அணைத்துவிடுகிறேன் என்றேன். விதியில் இடமில்லை என்றான். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாணு அண்ணன் உள்ளே வந்துவிட்டான். உரக்கடை வைத்திருக்கிறான், ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

"ஏட்டி, அப்பாவ எறக்கச் சொல்லுகானா? அவன் ஆருட்டி நம்ம வீட்டுல வந்து சொல்லுகதுக்கு?"

"அண்ணா, இன்னைக்கு விட்டா எனக்கு வேற தேதி கெடையாது."

"கெடைக்காட்டி போட்டும். அப்பாவ எறக்கி வச்சிட்டு உனக்கொரு பரீச்சையா? வெக்கமா இல்லியா?"

"அங்கே யார் பேசுவது, என்ன சொல்கிறார்?" என்றது கணினி.

"ஆணி உயரத்தில் இருக்கிறது என்கிறார்" என்றேன்.

பக்கத்து அறையிலிருந்து அம்மா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். "எலே தாணு, மார்க்குக்குன்னா அவியளே எறங்கி வந்திருப்பாவ. எறக்குலே மக்கா."

அண்ணன் நாற்காலியில் ஏறி, வயரைப் பிடுங்கி, படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். கழன்று தரையில் விழுந்த மாலையை அம்மா குனிந்து தேடி எடுத்தாள். "நன்றி, இப்போது அறை சுத்தமாக இருக்கிறது" என்றான் கண்காணிப்பாளன்.

சுவரில் அப்பா இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் எழுத ஆரம்பித்தேன். மின்னஞ்சல் ஒன்றுக்குப் பணிவாகப் பதில். பிறகு, வகுப்பில் கைபேசியை அனுமதிக்கலாமா என்று கட்டுரை. கூடாது என்றேன். துய்ன் பார், கவனம் சிதறும். தோத்ர் பார், நட்பு குறையும். ஆகவே கூடாது. அதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. எந்த மொழியிலும் இதைவிடக் கேவலமாக நான் எழுதியதில்லை. ஒரு வாக்கியத்திலாவது யோசித்துவிடுவேனோ என்ற பயத்தில் கை வேகமாக ஓடியது. தேறிவிட்டேன், நல்ல மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே அண்ணன் படத்தை மாட்டிவிட்டான். என்னோடு மட்டும் பேசவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கி வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்: "இனி இங்க வச்சு எந்தப் பரீச்சையும் எழுதாண்டாம், கேட்டியா?" நான் தலையாட்டினேன். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது நான் முழுத் தகுதி பெற்ற பிரெஞ்சு ஆசிரியை. மிஸஸ் கெல்லி கேக் வாங்கி வந்தார். போன வாரம் வகுப்பில் வீடு பற்றிய பாடம். கரும்பலகையில் கதவு, ஜன்னல், கூரை என்று வரைந்தேன். பிள்ளைகள் தோட்டம் கேட்டார்கள். பேசிக்கொண்டே கை வரைந்தது இரண்டு தென்னை, பக்கத்தில் கப்பி தொங்கும் ஒரு கிணறு. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மதாம் பி, பிரான்ஸில் உங்கள் வீடு இப்படித்தான் இருக்குமா?"

பிரான்ஸில் நான் கால் வைத்ததே இல்லை. "வுய்", ஆமாம் என்றேன். கிணற்றுக்குக் கீழே அதற்கான பிரெஞ்சுச் சொல்லை எழுதி, சொல்லுங்கள் என்றேன். எங்கள் சுசீந்திரத்து வீட்டுக் கிணற்றைப் பார்த்து வகுப்பே தப்பான உச்சரிப்பில் கத்தியது. நான் திருத்தவில்லை.