மோட்டாரைத் தொடாத லெச்சுமணன் மாமா

செவ்வாய்க்கிழமை காலை விறகுப் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆணியில் தொங்கிய, தேநீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பைதான். முந்தின நாள் நான்கு மணிக்கு லெச்சுமணன் மாமாவுக்காக நான் வாங்கி மாட்டியது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. பையின்மேல் எறும்பு ஏறியிருந்தது.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் மணியம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ பஸ்ஸுக்குப் போன பெறகு லாரி வந்துச்சு பாப்பா. எறக்குறப்ப மேல்கட்டை சரிஞ்சிருச்சு. லெச்சுமணன் நெஞ்சு மேல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

தரையில் மரத்தூளை அள்ளிக் கொட்டி மூடியிருந்தார்கள். மூடிய இடம் கறுத்து, ஈரமாக இருந்தது.

லெச்சுமணன் மாமா எனக்கு உறவுக்காரர் அல்லர். சிம்பாங் பூலாய்க்கு அருகே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. ஈப்போவின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மயானத்துக்கும் இங்கிருந்துதான் விறகு போகும். இரண்டு பேர் இழுக்கும் நீண்ட ரம்பத்தின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நானும் இரண்டு வருடம் நின்றோம். ஊரில் அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்கள். அதையும் எழுதுகிறேன். மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டுக் கட்டை அடுக்கத்தான் நான் வந்தேன். மாமாவோடு ரம்பம் இழுக்க யாரும் முன்வராததால் என்னை அனுப்பினார்கள்.

"போம்மா. போறதுக்கு முன்னால வெரல எண்ணி வச்சுக்க. சாயங்காலம் கொறைஞ்சா அவரையே கேளு லா" என்றார் மணியம் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "பத்து இருக்கா பாப்பா? சரி. நீ இழு. நான் இழுக்கிறப்ப கையைத் தளத்து. தள்ள மட்டும் கூடாது" என்றார்.

அவர் ரம்பம் இழுக்கும்போது மட்டுமே பேசுவார், அதுவும் கட்டையைப் பார்த்துத்தான். தம்பியைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். தோட்டத்து வீட்டின் பின்னால், மோட்டாரில் ஓடும் செயின்சா ரம்பத்தால் விறகு வெட்டிக்கொண்டிருந்தாராம். அப்பா விட்டுப்போன வீடு யாருக்கு என்று அன்று காலையிலிருந்தே சண்டை. தம்பி முருகையா பின்னால் வந்து கன்னத்தில் அறைந்திருக்கிறார்.

"வெட்டணும்னு திரும்பல பாப்பா. அடிக்கத்தான் திரும்பினேன். மெஷின் கையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாலு வெரலு. மண்ணுல கெடந்துச்சு. மெஷினு அது பாட்டுக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, நிப்பாட்ட எனக்குக் கை வரல."

சிறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. கோபம் மட்டும் போகவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சென்ற வருடம் ஒரு லாரி ஓட்டுநர் என் கையைப் பிடித்து இழுத்து, "என்ன ஊமையா? கத்திக் காட்டு பாப்போம்" என்றார். எனக்குக் கத்த வரவில்லை. மாமா வந்ததுகூடத் தெரியவில்லை. முதல் குத்திலேயே அந்த ஆளின் பல் உடைந்து உதடு கிழிந்தது. கீழே விழுந்தவரை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி குத்தினார். மூன்று பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். கட்டையில் ஒரு பாராங் கத்தி செருகியிருந்தது. மாமாவின் பார்வை அதன்மேல் போய் நின்றது.

"ரம்பத்தப் பிடி" என்று என்னிடம் கத்தினார். பிடித்தேன். அவர் இழுத்த வேகத்தில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முதல் கட்டை விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது பாதி அறுபடும்போது அவருக்கு மூச்சு முட்டியது. மரத்தூளிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"கைரம்பம்னா நான் களைச்சுப் போயிருவேன் பாப்பா. அதுக்குத்தான் இது. மெஷினு களைக்காது."

பிறகு பட்டறை முதலாளி தவுக்கே ஒரு செயின்சா வாங்கி வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா இழுக்கிறத நான் அரை மணில முடிச்சிருவேன் மச்சான்" என்று மணியம் அண்ணன் கிண்டல் செய்வார். "முடிப்ப. நடுவுல பொண்டாட்டி போன் போட்டுத் திட்டுனா, அப்ப என்ன செய்வ?" என்று மாமா கேட்பார். மணியம் அண்ணன் சிரித்தாலும் இயந்திரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வார்.

மாமாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தம்பி ஒரு தடவையாவது தம்மோடு பேச வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாரிட் புந்தார் போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருவார். போன தீபாவளிக்குப் போனவர் நெற்றியில் ஐந்து தையலோடு வந்தார். தம்பி கல்லால் அடித்திருந்தார். நான் பயந்து பார்த்தபோது மாமாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அந்தக் கையாலதான் எறிஞ்சான் பாப்பா. கட்டை வெரலையும் உள்ளங்கையையும் வச்சே கல்லை இறுக்கிப் பிடிக்கிறான். குறியும் தப்பல."

புதன்கிழமை அவரைப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுவரை துணி போர்த்தியிருந்தது. முகத்தில் புதிய காயம் இல்லை. போய் வாருங்கள் மாமா என்று மனத்துக்குள் சொன்னேன்.

சிதைக்கு வேண்டிய ரப்பர் மரக் கட்டைகள் பட்டறையில் முழுசாகக் கிடந்தன. இரண்டு மணிக்குள் மயானத்துக்குப் போக வேண்டும். மணியம் அண்ணன் செயின்சாவைத் தூக்கினார். அப்போதுதான் மாமாவின் தம்பி முருகையா வந்தார். அழுதிருக்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"அத இங்க குடு. நான் வெட்டுறேன். என்னை வெட்டுன மாதிரியே அவன் கட்டையையும் வெட்டுறேன்" என்றார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இயந்திரத்தைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். கட்டைவிரலில் கயிறு நிற்கவில்லை. மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை இயந்திரத்தை எட்டி உதைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஏ புள்ள, கயித்த இழு!" என்று கத்தினார்.

"மாட்டேன்" என்றேன்.

"என்ன சொன்ன?"

"கோவத்தோட மெஷினத் தொடக் கூடாதுன்னுதான் மாமா கைரம்பம் இழுத்தாரு. நீங்க கல்லெறிஞ்சத சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தக் கையால எறிய முடியுதுன்னு."

அவர் என்னை அடிக்கத்தான் வந்தார். ஓங்கிய கை என் காதருகே நின்றது. விரல்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தோல் பளபளவென்று இருந்தது. கை கீழே இறங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

நான் அவருடைய கைக்கு அடியில் குனிந்து போனேன். நீண்ட ரம்பத்தை எடுத்துக் கட்டையின்மேல் வைத்தேன். ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்தேன். மாமா பிடித்திருந்த, இப்போது ஆள் இல்லாத மறுமுனை முருகையாவின் பக்கம் ஆடிக்கொண்டிருக்க, இழுத்தேன்.