தொட்டிக்குக் காவல்

என் மகன் மொட்டை மாடி மழைத்தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறான். வேலை முடிந்து வந்தவுடன், செருப்பைக் கழற்றுமுன்னே, "எம்மா, தொட்டி எவ்வளவு நெறஞ்சிருக்கு?" என்று கேட்கிறான். போய்ப் பார்த்தால் தெரியாதா? எனக்குத் தொட்டி என்ற பேச்சே ஆகாது. எட்டு வயதில் ஒரு தொட்டிக்குக் காவல் இருந்து அலுத்துப்போனவள் நான்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில். நேர் எதிரே வடகரையில் அம்மா பிறந்த ஊர். உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் மாமா கல்யாணத்தில் அப்பாவுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று வந்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அம்மா அங்கே போகக் கூடாது, அங்கிருந்து யாரும் இங்கே வரக் கூடாது.

மறு வருடமே அப்பா புறவாசலில் தொட்டி கட்டினார். எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. குளிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் அம்மாதான் ஆற்றிலிருந்து குடம் குடமாக எடுத்து வருவாள். இனிமேல் ஓட்டில் விழுகிற மழைத்தண்ணீரே போதும் என்றார் அப்பா. கூரை விளிம்பில் தகரத்தை வளைத்து மாட்டினார்கள். முதல் மழை காக்கை எச்சத்தோடு வரும், அதைத் தரையில் விட்டுவிட்டு, பிறகு தகரத்தைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு நனைந்துகொண்டு நின்றது நான். "பொம்பள இடுப்பொடியக் கொடம் சொமக்கணுமா?" என்று அப்பா கேட்டுக் கேட்டுத் தெருவே அவரை மெச்சியது.

"ஒனக்கென்ன மைனி, ஆறே வீட்டுக்கு வந்துட்டு" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"ஆமா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

கார்த்திகையில் ததும்பிய தொட்டி, தை முடியுமுன் காலி. கொத்தனாரின் சுண்ணாம்பு சரியில்லை என்று அப்பா குதித்தார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள், நானும் பின்னால் போனேன். மாசியில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். மழை வெள்ளத்தில் முழுகிக் கிடந்து, அப்போது நடுவில் தலைகாட்டிய மணல்திட்டுக்கு வடகரையிலிருந்து சித்தி, அம்மாவின் தங்கை, வந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பேசுவார்கள், பேசுவார்கள், அப்படிப் பேசுவார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பொழுது. எனக்குக் கால் கடுக்கும். சித்தியைப் பார்த்ததை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள் அம்மா. நானும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்குள் கொத்தனார் தொட்டியை மறுபடி பூசினார். மறுபடியும் நிறைந்தது. தை பிறந்ததும் மறுபடியும் குறைந்தது. அப்பா ஒரு மூங்கில் கம்பில் கோடு கிழித்து என் கையில் கொடுத்தார். காலையும் மாலையும் கம்பை விட்டுப் பார்த்து, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கொசுப்புழு விழுந்தால் வடிகட்ட வேண்டும். மூடியைப் பூனை தள்ளினால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தெருவில் பிள்ளைகள் பாண்டி விளையாடுகிற சத்தம் கேட்கும். நான் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மத்தியானம் அப்பா தூங்கும்போது அம்மா புறவாசலுக்கு வந்தாள். குனிந்து, தொட்டியின் அடியில் கழுவிவிட வைத்திருந்த ஓட்டையின் கட்டையை உருவினாள். தண்ணீர் வாழைக்கு ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கட்டையைத் திரும்பச் செருகினாள். வைக்கோல் படப்புக்குப் பின்னால் நான் இருந்ததை அவள் பார்க்கவில்லை. வாழைக்கு விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டி பாதிக்கு வந்தபோது அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஐயா, தொட்டி ஒழுகுனா சொவரு ஈரமா இருக்கணும். தொட்டுப் பாருங்க, காஞ்சு கெடக்கு. வாழ மூட்டுலல்லா சேறாக் கெடக்கு" என்றார் கொத்தனார்.

"அப்பம் தண்ணி றெக்க கட்டிப் பறந்துட்டோ? ஏலே, இனிமே இந்தத் தெருவுல ஒருத்தன் ஒன்னய வேலைக்குக் கூப்பிட மாட்டான், பாத்துக்கோ" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தட்டி காவல் காத்த?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்து வாய் திறந்துவிட்டது.

"அம்மாதான் மத்தியானம் கட்டைய உருவி வாழைக்குத் தண்ணி விடுதா."

அடுக்களை வாசலில் ஆய்ந்த கீரையோடு அம்மா நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு ஆற்றுப் பக்கம் பார்த்தார். ஏன் அங்கே பார்க்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "அந்த ஓட்டைய அடைச்சிட்டுப் போ" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா என்னை அடிக்கவாவது செய்திருக்கலாம். சாயங்காலம் வழக்கம்போல் தலை பின்னிவிட்டாள், கொஞ்சம் இறுக்கி.

காவல் ஓய்ந்தது. மாசியில் பிள்ளைகளோடு ஆற்றுக்கு விளையாடப் போனேன். மணல்திட்டில் சித்தி இருந்தாள்.

"அம்ம எங்கட்டி? போன வருசம் இந்நேரம் வந்துட்டாள்லா?"

"இனிமே வரமாட்டா. தொட்டித் தண்ணி அடுத்த மழ வரைக்கும் காணும், ஆத்துத் தண்ணி வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாவ."



"மழ வந்தா ஆத்துல வெள்ளம்லாட்டி வரும்" என்றாள் சித்தி.

"அதுக்கென்ன சித்தி, எங்க தொட்டியும் நெறஞ்சிரும்லா" என்றேன்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.