பழைய வாளில் செய்த பிறைக் கத்தி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்து நேராக வராது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதிவிடுவேன், சிலதை மறந்தும் போவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கத்தியைச் செய்தது நான்தான். அதில் எனக்கு மறதி இல்லை.

ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து, மோர்டனில் கவுன்சில், அதாவது நகரசபை, தந்த ஒரு சின்ன வீட்டில், மேல்மாடியில், தனியாக இருக்கிறேன். மாரி காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கை பழையபடி மடங்காது. கத்தியைப் பிடித்து அழுத்தினால் மணிக்கட்டில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது கத்தி வழுக்கி இடது கைப் பெருவிரலில் ஏறிவிட்டது. ஹவுன்ஸ்லோவிலிருந்து மகள் ஓடி வந்து தையல் போடக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் குசினி லாச்சியை இழுத்துத் திறந்து, இருந்த கத்தி எல்லாவற்றையும் ஒரு துவாயில் சுற்றித் தன் காரில் வைத்தாள்.

"இனி நீங்கள் தனிய இருக்கேலாது அம்மா. பாஸ்குத் திருநாள் முடிய இந்த வீட்டைத் திருப்பிக் குடுத்திட்டு என்னோட வாங்கோ. நான் கவுன்சிலோட கதைக்கிறன்."

மகள் நல்லவள், மருமகனும் நல்லவர். ஆனால் நான் கூச்சக்காரி. அவர்கள் வீட்டில் மருமகன் குசினிக்குள் நின்றால் எனக்குத் தேத்தண்ணீர் போடக்கூடக் கை வராது. இங்கே என் அடுப்பு, என் சட்டி. மாதா கோவிலுக்கு நடந்தே போய் வருவேன். இந்த வீட்டை ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் பிறகு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பாஸ்குவுக்குள், என்னால் வெட்டிச் சமைக்க ஏலும் என்று காட்ட வேண்டும். வாய்ப்பேச்சில் மகளை வெல்ல எனக்கு வராது.

அதுவரைக்கும் மகள் ஞாயிறுதோறும் வெட்டி உறையவைத்த மரக்கறிப் பை கொண்டுவந்து தந்தாள். அதில் வைத்த கறி நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது.

கோவில் பூசை பார்க்கவென்று மகள் வாங்கித் தந்த டாப்லெட் என்னிடம் இருக்கிறது. ஒருநாள் பூசை முடிந்ததும் அது தன்பாட்டில் வேறொன்றைக் காட்டத் தொடங்கியது. பனித் தேசம். என் வயதுப் பெண் ஒருத்தி நிலத்தில் குந்தியிருந்து பெரிய மீனொன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பிறை மாதிரி. பிடி பின்னுக்கு இல்லை, அலகுக்கு மேலே இருந்தது. பிடியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் ஆட்டினாள். அவள் பேசியது எனக்கு விளங்கவில்லை. நான் கையை மட்டும் பார்த்தேன். மணிக்கட்டு மடங்கவேயில்லை. பலம் தோளிலிருந்து நேரே கீழே இறங்கியது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கீழ் வீட்டில் இருப்பவர் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். வீடுகளுக்குக் குசினி அலுமாரி பொருத்திக் கொடுக்கிற தொழில். என்னைவிட இளையவர், நான் தம்பி என்பேன். இத்தனை காலத்தில் "சுகமோ" என்பதற்கு மேல் அவரோடு கதைத்ததில்லை. ஒரு வெறும் பையைக் குப்பை போடுகிற மாதிரி எடுத்துக்கொண்டு, டாப்லெட்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய வான் பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் என்னவென்று கேட்டார். படத்தைக் காட்டினேன். அவர் கீழே இருந்த எழுத்தை வாசித்து, இது இனுயிட் சனத்தில் பெண்களின் கத்தி, பெயர் உலு என்றார். கடையில் இருக்கும், தான் ஓர்டர் பண்ணித் தருகிறேன் என்றும் சொன்னார்.

"என்ர கைக்கு அளவெடுத்துக் கடைக்காரர் செய்து வச்சிருக்கினமோ?" என்று கேட்டேன்.

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது. அவர் சிரித்துவிட்டு வானுக்குள் ஏறிப் பல் மழுங்கிய வாள் ஒன்றை எடுத்து வந்தார். மரம் அரிகிற பழைய கைவாள். எறிய வைத்திருந்தாராம். தகட்டை விரலால் சுண்டிக் காட்டினார், மணி மாதிரிக் கேட்டது. நல்ல உருக்கு என்றார்.

துருப் போக வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தேன். வாளின் அகன்ற பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கோடு கீறிக் கொடுத்தேன். அவர் பின்வளவில் வைத்து, இரும்பு அறுக்கிற கிரைண்டரால் வெட்டினார். வெட்ட வெட்ட நான் தண்ணீர் ஊற்றினேன். சூடேறித் தகடு நீலம் பாரித்தால் உருக்கு மெதுவாகிவிடும், பிறகு கூர் நிற்காது. வெட்டிய துண்டை மேசை விளிம்பில் இறுக்கித் தந்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். அரத்தால் ராவிக் கூராக்குகிறது என் வேலை. இடது கையால் அவர் தந்த அரத்தைப் பிடித்து, வலது கையைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். விளிம்பு வெள்ளி மாதிரி மின்னியது. எனக்குச் சரியான புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் வந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"அக்கா, மோர்டனில எங்க நெல்லு விளைஞ்சிருக்கு, அரிவு வெட்டப் போறியள்?"

குனிந்து பார்த்தேன். பிறையின் உள்வளைவைத்தான் கூராக்கி வைத்திருந்தேன். ஊரில் நிலத்தில் குந்தியிருந்து மீன் வெட்டின அரிவாளுக்கும் கூர் உள்ளுக்கு, வயல் வெட்டின அரிவாளுக்கும் கூர் உள்ளுக்கு. படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! கை கண்ணைக் கேட்கவில்லை. உலுவுக்குக் கூர் வெளிவளைவில், வயிற்றுப் பக்கம். நான் பனித் தேசத்துப் பிடியில் எங்கள் வன்னி ஊர் அரிவாளைச் செய்யப் பார்த்திருக்கிறேன். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எனக்கு அவரிடமிருந்த கூச்சமும் போய்விட்டது.

வாளில் மிஞ்சியது ஒடுங்கின பக்கம் மட்டும். அதில் பெரிய பிறை வராது. தட்டுக்குப் பதில் தேத்தண்ணீர்க் கோப்பை வைக்கிற சின்னச் சோசரை வைத்துக் கீறினேன், அவர் வெட்டித் தந்தார். இந்த முறை கூர் வரவேண்டிய பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்த பிறகுதான் ராவினேன். உட்காருகிற கதிரை ஒன்றின் உடைந்த காலில் ஒரு துண்டை என் உள்ளங்கைக்கு அளவு பார்த்து, உருட்டித் தேய்த்து, அடியில் பிளவு போட்டோம். தகட்டின் துளையிட்ட மேல்பக்கத்தை அதற்குள் இறக்கிப் பசை விட்டுப் பித்தளை ஆணி அறைந்தோம். கடைசிக் கூரை நான் தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியில் இருக்கிற சொரசொரப்பான விளிம்பில் தீட்டி எடுத்தேன். கத்தி சின்னதாக வந்ததுதான் நல்லது. பெரியது என் கைக்குப் பாரமாக இருந்திருக்கும். முதலில் வெங்காயம், பிறகு கரட், பிறகு பூசணிக்காய். பூசணிக்காய் இரண்டாகப் பிரிந்தபோதும் மணிக்கட்டு நோகவில்லை. தைரியம் வந்தது.

"பஸ்ஸில மட்டும் கொண்டு போயிடாதேங்கோ அக்கா, பொலிஸ் பிடிக்கும்" என்றார் தம்பி.

பாஸ்குவுக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறன்று மகள் வருகிறபோது ஒரு விளைமீன் வாங்கி வரச் சொன்னேன். கடையில் வெட்ட வேண்டாம், முழுதாக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டுக் கேட்டு வாங்கி வந்தாள். சாமான் கட்டுவதற்கு மட்டைப் பெட்டிகளும் கொண்டு வந்திருந்தாள். அவற்றைக் கண்டதும் நான் பலகையை வைத்து, கத்தியை எடுத்து வெளியே வைத்தேன்.

மகள் கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கத்தியைப் பறிச்சுக்கொண்டு போனா, நீங்கள் கத்தி செய்து வச்சிருக்கிறியள்."

"ஓம்" என்றேன்.

செதிள் எடுத்தேன். வயிற்றைக் கீறிக் குடலை வழித்தேன். மகள் கையை நீட்டியபடியே பக்கத்தில் நின்றாள், எப்போது பறிப்போம் என்று. தலையை வெட்டும்போது பிடியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தோளைத் தாழ்த்தி, ஒரு ஆட்டு ஆட்டினேன். முள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. தலை தனியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கையைக் கீழே விட்டாள். நடுத்துண்டுகளை ஒரே அளவாகப் போட்டு முடிக்கும் வரை நின்று பார்த்தாள்.

"நோகேல்லையோ?"

"நோகேல்லை. நீ என்ர விரலைப் பார், இரண்டு கையும் மேலதானே நிக்குது."

புளி விட்டுக் குழம்பு வைத்தேன். மகள் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவிவிட்டுப் பெட்டிகளை மடித்துத் தட்டையாக்கினாள். வாசலில் சப்பாத்துப் போடும்போது, "பாஸ்குவுக்கு நாங்கள் எல்லாரும் இங்க வாறம். என்ன சமைக்கப் போறியள்?" என்று கேட்டாள். கவுன்சில் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கணவாய் மீன் வாங்கி வா, முழுதாக, என்று சொன்னேன்.

இதை வாசிக்கிறவர்களில் அந்தப் பனித் தேசத்தை அறிந்தவர் யாராவது இருந்தால் எனக்காக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உலு என்ற பெயரை நான் சரியாக எழுதியிருக்கிறேனா, அது பெண்களின் கத்தி என்று தம்பி வாசித்துச் சொன்னது உண்மையா, அந்தப் பெண்கள் அலகை ஒரு பக்கம் தீட்டுகிறார்களா, இரண்டு பக்கமுமா? நான் இரண்டு பக்கமும் தீட்டியிருக்கிறேன். பிழை என்றால் சொல்லுங்கள். அரம் என்னிடம்தான் இருக்கிறது.